சொத்தை

பகலில் பல், இரவில் தகரம்.
இரண்டுக்கும் என்னிடம் இருப்பது
ஒரே கொக்கி ஊசி.

பியல்ஸ்கோவில், மேட்டுத் தெருவில்,
வீட்டுக்கு அடியிலிருக்கிற கராஜில்
நாலு கட்டைகள் மேல் நிற்கிறது
எழுபத்தொன்பதாம் வருஷத்து மலூக்.
மலூக் என்றால் பொடியன்.
தொழிற்சாலை ஓர் எண் கொடுத்தது,
பெயரை ஊர் வைத்துக்கொண்டது.
நாலு பேர், ஒரு நாய், கூரையில் கூடாரம் என்று
பல்கேரியக் கடல்வரை போய்வந்த சாதி.
மூக்கில் பெட்டி, முதுகில் எஞ்சின்,
கதவைச் சாத்தினால்
பிஸ்கட் டப்பாவின் சத்தம்.

சக்கர வளைவில் மிளகளவு கொப்புளம்.
ஊசியால் தொட்டேன்,
உள்ளே போய்க்கொண்டே இருந்தது.
சொத்தை எப்போதும் இப்படித்தான்:
வாசல் குருவிக்கு, உள்ளே அரண்மனை.
"வலிக்கிறதா?" என்று
பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

வெல்டிங்குக்கு எதிர்வீட்டு கெரார்ட்.
சுரங்கத்தில் முப்பது வருஷம்,
இப்போது புறாக்கள்.
இடதுகைக்காரர்.
வலமிருந்து இடமாக ஓட்டுவார்,
முடிக்கிற இடத்தில் சின்னதாய் ஒரு சுழி,
கையெழுத்துக்கு வால் விடுகிற மாதிரி.
கூலி பேசியாகிவிட்டது:
அவருடைய கடைவாய்ப் பாலத்துக்கு
நான் காசு கேட்கக் கூடாது.

அக்டோபரில் கம்பளத்தை உரித்தோம்.
அதற்கடியில் தார்.
சூடு காட்டிச் சுரண்டச் சுரண்ட
இருக்கைக்குக் கீழே,
இந்தப் பக்கத்துப் படியிலிருந்து அந்தப் பக்கத்துப் படிவரை
தரையைக் குறுக்கே கடந்தது ஒரு தழும்பு.
அதற்கு முன்னால் அடிநிறம் வெள்ளை,
அதற்குப் பின்னால் ஆரஞ்சு.

பின்னால் இடிபட்டது ஒன்று,
முன்னால் இடிபட்டது ஒன்று.
பிழைத்த பாதிகள் இரண்டும்
யாரோ ஒருவனுடைய ராத்திரியில்
ஒரே வண்டியாகியிருக்கின்றன.
காப்பீட்டுத் தாளில்
தயாரிப்பு ஆண்டுக்கு
ஒரே ஒரு கட்டம்தான் உண்டு.

கெரார்ட் கொதித்தார்.
"எவன் பார்த்த வேலை இது?
இது வெல்டிங்கா, புறா எச்சமா?
எச்சம்கூட இதைவிட நேராப் போகும்.
இவனையெல்லாம் தகரத்துப் பக்கமே விட்டிருக்கக் கூடாது.
டாக்டரம்மா, எடைக்குப் போட்டுடுங்க."
மூன்று சனிக்கிழமை,
காப்பி ஆறும்வரை திட்டினார்.
ஆனாலும் வந்தார்.

நாலாம் சனிக்கிழமை
மல்லாந்து படுத்து, விளக்கை உள்ளே இழுத்துக்கொண்டு,
மிச்சமிருந்த ஒரு சாணையும்
கம்பித் தூரிகையால் தேய்த்தார்.
தேய்க்கிற சத்தம் நின்றது.

நானும் குனிந்து பார்த்தேன்.
இடது படியோரம்
தழும்பு முடிகிற இடத்தில்
சின்னதாய் ஒரு சுழி.

வண்டிக்கு வெளியே இரண்டு பூட்ஸ் மட்டும்.
அவை வெகுநேரம் அசையவில்லை.
பிறகு அடியிலிருந்து குரல்:
"எண்பத்தேழு. மார்ச் மாசம்.
மச்சானோட கூட்டாளி ஒருத்தன்.
கூலி ஒரு பன்னித்தொடை.
ராத்திரி ரெண்டு தரம் கரண்டு போச்சு.
போன இடத்துலதான் மேடு."

எண்ணிப் பார்த்தேன்.
மேடு ஐந்து இருந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
வாயைத் திறக்கச் சொல்கிற தொழிலில்
வாயை மூடிக்கொள்வதும் சேர்ந்ததுதான்.

எடைக்குப் போடுகிற பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.
அறுத்து எடுத்தார்.
மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை,
படிகளுக்குள் புது எலும்பு.
பனி மூடிய நாட்களிலும்
கதவை முழங்கால் அளவு திறந்துவைத்து
வலமிருந்து இடமாக வந்தார்,
ஒரு விரற்கடைக்கு ஒரு மூச்சு.
முடித்தபோது சுழி விடவில்லை.
கையை நேராகத் தூக்கிவிட்டார்.

அறுத்த தகரத்தில் ஒரு சாண்
என் கிளினிக் அலமாரியில்,
சுண்ணாம்புப் பல்வரிசைகளுக்கு நடுவே இருக்கிறது.
நோயாளிகள் கேட்பதில்லை,
அவர்களுக்கு அவரவர் வாய்.

ஏப்ரலில் இரண்டு இருக்கைக்கும் நடுவிலிருக்கும் நெம்புகோலை
நான்தான் இழுத்தேன்.
மூன்று தரம் இருமல்,
நாலாவதில் நீலப் புகை,
எதிர்வீட்டுக் கூரையிலிருந்து புறாக்கள் மொத்தமும்.
கெரார்ட் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து
முழங்காலை மோவாயோடு சேர்த்துக்கொண்டார்.
சரிவில் இறங்கினோம்,
பேக்கரி தாண்டி,
மாதா சிலை தாண்டி.
பேச்சில்லை.
இருவரும் காதை முதுகுப் பக்கம் வைத்திருந்தோம்.

வளைவில் திருப்பினேன்.
பின்பாதியும் கூடவே வந்தது.